கையில கத்தி, மூஞ்சில முறைப்பு: யோஷிடோமோ நாராவோட குட்டிப் பொண்ணுங்க

கேள்வி இதுதான்: “நாரான்னு ஒரு ஜப்பான் ஆர்ட்டிஸ்ட், பெரிய தல, பெரிய கண்ணு, கார்ட்டூன் மாதிரி ஒரு சின்ன பொண்ணு முறைச்சுப் பாக்குற படம், 2019ல நூறு கோடி தாண்டி போச்சாமே, அப்படி அதுல என்னதான் இருக்கு? நானும் ப்ரோக்ரியேட்னு ஐபேட் டிராயிங் ஆப்ல க்யூட் கேரக்டர் வரைஞ்சு அதுக்கு ரத்தம், மண்டையோடு எல்லாம் போட்டுப் பாக்குறேன், ‘சூப்பர்’னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடறாங்க. எங்க மிஸ் ஆகுது?”

ரெண்டாவது கேள்விய முதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா முதல் கேள்விக்கும் பதில் அதுக்குள்ளயேதான் இருக்கு. நீங்க பயத்த எடுத்து கேரக்டர் மேல பூசுறீங்க. நாரா அத ஃப்ரேமுக்கு வெளிய நிக்க வச்சிடறாரு. அந்தப் பொண்ணு எத பாத்து முறைக்கிறாளோ அதுதான் அந்த படத்துல இருக்க பயங்கரமே, அது நமக்குக் காட்டவே மாட்டாரு, பல நேரம் அது படத்து முன்னாடி நிக்கிற நாமளாவே இருக்கும்.

அந்த ஏலத்துல போன படத்தையே எடுத்துப் பாப்போம். பேரு ‘நைஃப் பிஹைண்ட் பேக்’, 2000ல வரைஞ்சது, கேன்வாஸ்ல அக்ரிலிக். உயரம் 234 செ.மீ., அகலம் 208 செ.மீ., போன்ல பாத்துட்டு சின்னதா நினைச்சுக்காதீங்க, வீட்டு வாசக்கதவ விட ஒசரம். 2019 அக்டோபர் 6ஆம் தேதி ஹாங்காங்ல சோத்பீஸ் ஏலத்துல 19.57 கோடி ஹாங்காங் டாலருக்குப் போச்சு, அமெரிக்க டாலர்ல கிட்டத்தட்ட 2.5 கோடி, அன்னைக்கு ரேட்டுக்கு நம்ம ரூபாய்ல 170 கோடிக்கு மேல. படத்துல இருக்கறது என்னன்னு பாத்தா ஒரே ஒரு பொண்ணு. சிவப்பு கவுன், வட்டக் காலரு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய தல, மேல நோக்கி இழுத்த மாதிரி கண்ணு, வாய இறுக்கி மூடிட்டு முறைக்கிறா. பேக்ரவுண்டுல வீடு இல்ல, மரம் இல்ல, தரை கூட இல்ல, வெளிறின ஒரு வெறும் வெளி. ஒரு கை தெரியுது, இன்னொரு கை முதுகுக்குப் பின்னாடி. கத்தி எங்கன்னு தேடுவீங்க. கத்தியே கிடையாது, தலைப்புல மட்டும்தான் இருக்கு.

அதாவது இவ்ளோ பெரிய கேன்வாஸ்ல ஒரு சொட்டு ரத்தம் இல்ல, ஆயுதம் இல்ல, ஆனா தலைப்ப படிச்சிட்டு திரும்ப அந்த மறைஞ்ச கையப் பாத்தீங்கன்னா மொத்தமும் மாறிடும். கத்திய செஞ்சது நீங்க, உங்க தலைக்குள்ள. அவரு இடம் மட்டும் விட்டு வச்சாரு.

இப்ப 9 வருஷம் பின்னாடி போங்க. 1991ல ‘த கேர்ள் வித் த நைஃப் இன் ஹெர் ஹேண்ட்’னு ஒரு படம், இப்ப சான் ஃபிரான்சிஸ்கோ மாடர்ன் ஆர்ட் மியூசியத்துல இருக்கு. அதுல கத்தி நேராவே கையில இருக்கும். ஆனா எவ்ளோ பெருசுன்னு கவனிச்சீங்களா? பென்சில் சீவக்கூட பத்தாது. இதப் பத்திக் கேட்டப்ப நாரா சொன்னதோட சாரம் என்னன்னா, அந்தக் கத்திய பாருங்க பொம்ம மாதிரி இருக்கு, அத வச்சு யாரோட சண்ட போட முடியும், எனக்கு என்னமோ இந்தக் குழந்தைங்கள சுத்தி இதவிட பெரிய பெரிய கத்தியோட மோசமான பெரியவங்க நிக்கிற மாதிரிதான் தோணுதுன்னு. இத கேட்டதுக்கு அப்புறம் அந்த படத்துல வில்லத்தனம் பண்ற குழந்தைய தேடறத விட்டுடுவீங்க. அவ தாக்க வரல, தன்னக் காப்பாத்திக்கப் பாக்குறா, அதுவும் ஒண்ணுத்துக்கும் உதவாத ஒரு சாமானத்த வச்சுக்கிட்டு. அதனாலதான் அவ பார்வையும் கீழ இருந்து மேல போகுது, எதிர்ல நிக்கிறவன் ஒசரம். யாரு ஒசரம்? படத்த பாக்குற நாம.

இந்த ஆளோட படத்துல எனக்குப் பிடிச்ச விஷயமே இந்தக் கத்தியோட பயணம்தான். 1991ல கையில இருக்கு, 2000ல முதுகுக்குப் பின்னாடி போயிடுது, அப்புறம் வந்த பெரிய பெயிண்டிங்ஸ்ல கத்தியே காணாம போயி பார்வை மட்டும் மிஞ்சுது, 2011க்கு அப்புறம் பல படத்துல அந்த முறைப்பும் கரைஞ்சு கண்ணுல தண்ணி நிக்கிது. எல்லா படமும் வரிசையா இந்தக் கோட்டுல வருதுன்னு சொல்லல, நடுவுல எப்ப வேணா சிகரெட்டோட, கிடாரோட, கெட்ட வார்த்தையோட டிராயிங் போட்டுக்கிட்டேதான் இருக்காரு. ஆனா பெரிய படங்கள மட்டும் எடுத்து அடுக்குனா இது தெரியும்.

ஆள் யாருன்னு கொஞ்சம். 1959ல ஹிரோசாகில பொறந்தாரு, ஜப்பானோட மெயின் தீவுல வடக்குக் கோடியில இருக்க ஆவோமோரி மாகாணம், ஆப்பிளுக்கும் பனிக்கும் பேர் போன ஊரு, டோக்கியோக்காரங்களுக்கு அது ரொம்பத் தள்ளி இருக்க பட்டிக்காடு. அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, அண்ணனுங்க ரெண்டு பேரும் வயசுல ரொம்பப் பெரியவங்க, ஸ்கூல் விட்டு வந்தா வீட்ல ஆள் இருக்காது. நாய், பூனை, படப்புத்தகம், ரேடியோ, அவ்ளோதான் கம்பெனி. அந்த ரேடியோவுலதான் விஷயம் இருக்கு. அதே ஆவோமோரில மிசாவான்னு ஒரு இடத்துல அமெரிக்க விமானப்படைத் தளம், வியட்நாம் போர் நடந்துட்டிருந்த காலம், அங்க இருக்க சிப்பாய்ங்களுக்காக அமெரிக்க ராணுவ ரேடியோ ஒண்ணு இங்கிலீஷ் பாட்டு போட்டுக்கிட்டே இருக்கும். பையனுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனா ஃபோக், அப்புறம் ராக், அப்புறம் பங்க்னு கேட்டுக்கிட்டே வளந்தாரு, ரெக்கார்டு வாங்குனா அட்டையில இருக்க படத்த மணிக்கணக்குல பாத்து பாட்டு என்ன சொல்லுதுன்னு தானா ஊகிச்சுக்குவாராம். தன்னோட முதல் ஆர்ட் எஜுகேஷன்னு அவரு அந்த ரெக்கார்டு அட்டைகளத்தான் சொல்லுவாரு.

இது ஏன் முக்கியம்னா, எல்லாரும் நாராவப் பாத்தா ‘ஆங், மாங்கா ஸ்டைல்’னு, அதாவது ஜப்பான் காமிக்ஸ் ஸ்டைல்னு சொல்லிடுவாங்க, அவருக்கு அது பிடிக்காது, பல தடவ மறுத்திருக்காரு. உண்மையும் அதுதான்னு படத்த பாத்தாலே தெரியும். மாங்காவுல கதை ஓடும், ஒரு கட்டத்துக்கு அடுத்த கட்டம் இருக்கும். நாரா படம் ஒரு ஆல்பம் அட்டை மாதிரி வேலை செய்யுது, நடுவுல ஒரே ஒரு உருவம், பின்னாடி வெற்றிடம், ஒரு சின்ன தலைப்பு, மிச்சத்த நீ கேட்டுக்கோ. பின்னாளுல நெஜமாவே பேண்டுகளுக்கு அட்டையும் வரைஞ்சு கொடுத்தாரு, 1998ல ஷோனென் நைஃப்னு ஒசாகா பொண்ணுங்க பேண்டுக்கு ஒண்ணு. கத்தி இவர விடாது போல.

படிப்பு ஐச்சி மாகாணத்துல இருக்க அரசு நுண்கலை யூனிவர்சிட்டில, 1987ல மாஸ்டர்ஸ் முடிச்சாரு. 1988ல ஜெர்மனிக்குக் கெளம்பி டியூசல்டார்ஃப் ஆர்ட் அகாடமில சேந்தாரு. பாஷை சரியா வராது, குளுரு, தனிமை, அதாவது ஹிரோசாகி வீட்ல தனியா இருந்த அந்த சின்னப் பையனோட நெலமை முப்பது வயசுல மறுபடி. அங்க அவருக்கு வாத்தியாரு ஏ.ஆர். பென்க், குச்சி மனுசங்கள வரையுற அந்த ஓவியர்தான். அதுவரைக்கும் நாரா டிராயிங்க ஒரு மாதிரி பண்ணுவாரு, பெயிண்டிங்னு வந்தா வேற மாதிரி, அதுல பேக்ரவுண்டு, கதை, பொருள்னு நெறைய அடைச்சு வச்சிருப்பாரு. பென்க் சொன்னது சிம்பிள்: நீ பேப்பர்ல கிறுக்குற மாதிரியே கேன்வாஸ்லயும் வரை. அந்த ஒரு அட்வைஸ்ல இருந்துதான் தடிச்ச கறுப்பு அவுட்லைனு, காலியான பின்புலம், நடுவுல ஒத்த உருவம்னு நாம இன்னைக்கு ‘நாரா’ன்னு சொல்ற ஸ்டைல் வந்துச்சு. 1991 கத்திக்காரப் பொண்ணு இந்தக் கட்டத்துல பொறந்தவதான். 1993ல அகாடமி முடிஞ்சு, அடுத்த வருஷம் கொலோனுக்குப் போயி, 2000 வரைக்கும் அங்கயே இருந்தாரு. அப்ப பாருங்க, உலகமே ‘டிபிக்கல் ஜப்பான்’னு சொல்ற அந்தப் பொண்ணு உருவானது ஜெர்மனில.

‘பெரிய கண்ணு சோகக் குழந்தை’ன்னா அமெரிக்காக்காரங்களுக்கு உடனே ஞாபகம் வர்றது மார்கரெட் கீன். 1960கள்ல அவங்க வரைஞ்ச பெரிய கண்ணு பிள்ளைங்க படம் பிரிண்ட் போட்டு வீட்டுக்கு வீடு மாட்டுனாங்க, ஆனா பேரு வாங்குனது புருஷன் வால்டரு, நான்தான் வரைஞ்சேன்னு அந்தாளு வருஷக்கணக்கா ஊர ஏமாத்துனாரு. கடைசில 1986ல ஹொனலூலு கோர்ட்டுல ஜட்ஜ், ரெண்டு பேரும் இங்கயே வரைஞ்சு காட்டுங்கன்னு சொல்ல, மார்கரெட் 53 நிமிஷத்துல வரைஞ்சு முடிச்சாங்க, வால்டர் தோள்பட்ட வலின்னுட்டாரு. நல்ல கதை, அது ஒரு பக்கம் இருக்கட்டும். நாராவ அவங்களோட ஒப்பிடுறவங்க ஒண்ண கவனிக்கிறதில்ல. கீன் குழந்தைங்க கண்ணு ‘என்னப் பாத்து பாவப்படு’ங்குது. நாரா பொண்ணு ‘பாவப்பட்டே, அவ்ளோதான் நீ’ங்கிறா. கண்ணு சைஸ் ரெண்டுலயும் பெருசுதான், ஆனா ஒண்ணு பாக்குறவன ஒசத்தி வைக்குது, இன்னொண்ணு அவன குத்தவாளிக் கூண்டுல ஏத்துது. உங்க கேரக்டர் எங்க பாக்குது, யாரப் பாக்குதுன்னு ஒரு தடவ எடுத்துப் பாருங்க, அந்த ரத்தத்த விட அதுதான் முக்கியம்.

அடுத்து முரகாமி, இவரச் சொல்லாம இந்த டாபிக் முழுசாகாது. தகாஷி முரகாமி, 1962ல டோக்கியோல பொறந்தவரு, சிரிக்கிற பூ, லூயி வுட்டான் பை, எல்லாருக்கும் தெரியும். அவரும் க்யூட்டும் கொடூரமும் கலக்குறவருதான், ஆனா ரூட்டு முழுசா வேற. ஜப்பானிய மரபு ஓவியத்துல டாக்டரேட் வாங்குனவரு. 1993ல மிஸ்டர் டாப்னு மிக்கி மவுஸ் சாயல்ல ஒரு கேரக்டர் உண்டாக்குனாரு, அது முதல்ல க்யூட்டா இருந்துச்சு, போகப்போக பல்லு முளைச்சு, கண்ணு பெருகி, 2002ல வந்த ‘டான் டான் போ பியூக்கிங்’ படத்துல 7 மீட்டர் அகலத்துக்கு உருகி வாந்தி எடுத்துக்கிட்டு நிக்கிது. இன்னொரு தொடர்ல மண்டையோடு வடிவத்துல ஒரு காளான் மேகம், பாக்க கலர் கலரா மிட்டாய் மாதிரி, ஆனா அது அணுகுண்டு மேகம். அந்த உருவம் 1975ல வந்த ஒரு டிவி கார்ட்டூன்ல இருந்து எடுத்தது, அதுல வில்லன் தோக்கும்போது மண்டையோட்டு மேகம் எழும்பும், ஜப்பான் பிள்ளைங்க அத பாத்து சிரிச்சுக்கிட்டே வளந்திருக்குங்க. முரகாமியோட அம்மா ஊரு கொகுரா பக்கம். 1945 ஆகஸ்ட் 9ஆம் தேதி ரெண்டாவது குண்டு விழ வேண்டியது கொகுராவுலதான், கீழ சரியா தெரியலன்னு விமானம் நாகசாகிக்குத் திரும்பிடுச்சு. அன்னைக்கு வானம் தெளிவா இருந்திருந்தா நீ பொறந்திருக்கவே மாட்டேன்னு அம்மா சொல்லிச் சொல்லி வளந்த ஆளு. 2005ல நியூயார்க் ஜப்பான் சொசைட்டில அவரு ஒருங்கிணைச்ச எக்ஸிபிஷனுக்கு ஹிரோஷிமா குண்டோட பேரையே, ‘லிட்டில் பாய்’னு வச்சாரு. போர்ல தோத்து, அமெரிக்கா நெழல்ல ஒரு நாடே வளராத குழந்தையாவே நின்னுபோச்சு, அதோட விளைவுதான் இந்த க்யூட் எல்லாம், இதுதான் அவரோட வாதம்.

அந்த எக்ஸிபிஷன்ல நாராவும் உண்டு. ரெண்டு பேரும் 1998ல லாஸ் ஏஞ்சல்ஸ் யூசிஎல்ஏ யூனிவர்சிட்டிக்கு கெஸ்ட் புரஃபசரா போயி ஒரே அபார்ட்மெண்டுல தங்குனவங்களும் கூட. ஆனா ஒருத்தர் தியரி பேசுவாரு, பெரிய கம்பெனி வச்சு நெறைய அசிஸ்டெண்டோட வேலை செய்வாரு, இன்னொருத்தரு ராத்திரி பூரா பாட்ட சத்தமா போட்டுட்டு தனியா வரைவாரு, ப்ரஷ்ஷ வேற யாருகிட்டயும் கொடுக்க மாட்டாரு. முரகாமியோட இருட்டு ஒரு நாட்டோடது. நாராவோடது யாருமில்லாத வீட்ல ஒக்காந்திருக்க ஒரு பையனோடது. என்னக் கேட்டா முரகாமி படம் பாத்தா மூளை ‘அட’ங்கும், நாரா படம் பாத்தா நாம என்ன தப்பு பண்ணோம்னு ஒரு செகண்டு தோணும். எனக்கு ரெண்டாவதுதான் கிட்ட. முரகாமி ஆளுங்க சண்டைக்கு வரலாம், வாங்க.

நாரா மரபுப் பக்கமே போகலன்னும் இல்ல. 1999ல ‘இன் த ஃப்ளோட்டிங் வேர்ல்டு’னு ஒரு தொடர், பழைய உக்கியோயே மரச்செதுக்கு அச்சுப் படங்களோட பிரதி மேலயே நேரா தன்னோட பொண்ண வரைஞ்சு வச்சாரு. உட்டமாரோன்னு அந்தக் கால ஓவியர் வரைஞ்ச அழகிகள் இருந்த எடத்துல பெரிய தலையோட இவரு பொண்ணு, கையில கத்தி, பக்கத்துல கிறுக்கல் எழுத்து. ஸ்கூல் பாடப்புத்தகத்துல தலைவர் படத்துக்கு மீசை வரையுற பசங்க வேலைதான், வேற ஒண்ணுமில்ல. ஆனா அதுல ஒரு தில்லு இருக்கு.

2001ல யோகோஹாமா மியூசியத்துல ஒரு பெரிய எக்ஸிபிஷன், ‘ஐ டோன்ட் மைண்ட், இஃப் யூ ஃபர்கெட் மீ’. நீ என்ன மறந்தாலும் பரவால்லன்னு தலைப்பு. அதுல ஒரு வேலை என்னன்னா, இந்த வாக்கியத்தோட எழுத்துங்கள கண்ணாடி மாதிரி தெரியுற பெட்டியா செஞ்சு, உள்ள பூரா ரசிகர்கள் கையால தச்சு அனுப்புன நாரா பொம்மைங்கள ரொப்பி வச்சிருந்தாங்க. ஊரெல்லாம் இருந்து முகம் தெரியாத ஆளுங்க உக்காந்து துணிய வெட்டி, பஞ்சு அடைச்சு, அந்த முறைக்கிற மூஞ்சிய தச்சு அனுப்பியிருக்காங்க. க்யூட்டுங்கிறது சும்மா தூண்டில் இல்லன்னு எனக்குப் புரிஞ்சது இந்த வேலைய பாத்துதான். பொம்மைன்னா தூக்கி அணைச்சுக்கலாம், அந்த வடிவம் இருக்கறதாலதான் ஜனங்க அந்தக் கோவக்காரப் பொண்ண வீட்டுக்குள்ள விட்டாங்க. அதே வருஷத்து வேலை ‘ஃபவுண்டன் ஆஃப் லைஃப்’, பெரிய டீ கப்பு, அதுக்குள்ள வெள்ளையா குழந்தைத் தலைங்க ஒண்ணு மேல ஒண்ணு, எல்லாத்துக்கும் கண்ணு மூடியிருக்கும், மூடுன கண்ணுல இருந்து நெஜத் தண்ணி வழிஞ்சு கப்புல விழும், மோட்டார் வச்சு சுத்திச் சுத்தி வரும். இத விவரிச்சா கொடூரமா இருக்கும், நேர்ல பாத்தா மொதல்ல பொம்மக்கடை மாதிரிதான் தெரியும், அப்புறம்தான் உறைக்கும்.

2011 மார்ச் 11, வடகிழக்கு ஜப்பான்ல பூகம்பம், சுனாமி, ஃபுகுஷிமா அணு உலை. நாராவோட சொந்த மண்ணு அந்தப் பக்கம், அவரு வீடும் ஸ்டூடியோவும் டோச்சிகி மாகாணம் நாசு பகுதில, ஃபுகுஷிமாவ ஒட்டி. கொஞ்ச காலம் அவரால வரையவே முடியல. படம் வரைஞ்சு என்ன ஆகப்போகுதுங்கிற நெலமை. அப்ப தான் படிச்ச ஐச்சி யூனிவர்சிட்டிக்கே போயி, ஸ்டூடன்ட்ஸ் கூட இருந்துக்கிட்டு களிமண்ணுல வேலை பண்ண ஆரம்பிச்சாரு. டூல்ஸ் இல்லாம, பெரிய பெரிய களிமண் மொத்தைய கையால பிசைஞ்சு, தோண்டி, குத்தி தலைங்க செஞ்சாரு, அப்புறம் அத வெண்கலத்துல வாத்தாங்க. அந்தத் தலைங்கள கிட்டப் போயி பாத்தா விரல் போன தடம் அப்படியே பள்ளம் பள்ளமா இருக்கும், கன்னத்துல உள்ளங்கை அழுத்துன எடம் தெரியும். வழவழப்பு போச்சு.

திரும்ப பெயிண்டிங்க்கு வந்தப்ப பொண்ணு மாறியிருந்தா. 2012ல வந்த ‘மிஸ் ஸ்பிரிங்’ பாருங்க. கறுப்பு அவுட்லைன் கிட்டத்தட்ட இல்ல. முகம் முழுக்க மெல்லிசா அடுக்கடுக்கா கலர், ரோஸுக்கு அடியில பச்ச, மஞ்ச, ஊதான்னு கசிஞ்சு தெரியும். கண்ணுல தனித்தனியா கலர் துணுக்கு, சின்னச் சின்ன சதுரம் மாதிரி, தூரத்துல இருந்து பாத்தா ஈரமா மின்னுது, கிட்ட வந்தா வெறும் பெயிண்டு. 1991 பொண்ணு கோவத்த கோட்டுல வச்சிருந்தா, இவ வச்சிருக்கறது கலர்ல. போன் ஸ்க்ரீன்ல இந்த ரெண்டும் ஒரே மாதிரி ‘பெரிய தல பொண்ணு’ன்னு தெரியறதுதான் இவர் படத்துக்கு இருக்க பெரிய சாபம். 2017 ‘மிட்நைட் ட்ரூத்’, 2020 ‘மிஸ் மூன்லைட்’ வரைக்கும் இந்த ரூட்டுதான், அந்தக் கடைசிப் படத்துல கண்ணையே மூடிக்கிட்டா.

அதே சமயம் இன்னொன்னும் நடந்துச்சு. 1998ல சும்மா போட்ட ஒரு டிராயிங், முறைச்சுக்கிட்டு ஒரு பொண்ணு ‘நோ நியூக்ஸ்’னு, அதாவது அணு வேண்டாம்னு எழுதுன அட்டைய தூக்கிப் பிடிச்சிருப்பா. ஃபுகுஷிமாவுக்கு அப்புறம், 2012ல டோக்கியோல அணு உலை எதிர்ப்புப் போராட்டம் நடந்தப்ப இத எடுத்துக்கோங்கன்னு விட்டுட்டாரு, ஜனங்க பிரிண்ட் எடுத்து தெருவுல தூக்கிட்டுப் போனாங்க. கோடிக்கணக்குல விக்கிற ஆளோட படம் தெருவுல ஏ4 பேப்பர்ல.

கோடின்னு வந்ததால விலை மேட்டரு. 170 கோடிக்கு அந்தப் படம் ‘வொர்த்’தான்னு என்கிட்ட கேட்டா, விலைக்கும் படத்துக்கும் சம்பந்தம் கொஞ்சம்தான். ஆசியாவுல புதுப் பணக்காரங்க, தொண்ணூறுகள்லயும் ரெண்டாயிரத்துலயும் சின்னப் பிள்ளைங்களா இந்த உருவங்கள பாத்து வளந்தவங்க, இப்ப ஏலத்துல கை தூக்குறாங்க, அதுவும் பெரிய சைஸ், 2000 வருஷம், தெளிவா அடையாளம் தெரியுற பொண்ணு, இந்த மூணும் சேந்த கேன்வாஸ் ரொம்பக் கம்மி. அவ்ளோதான் கணக்கு. ஏலத்துல வர்ற பணம் வித்தவருக்குத்தான், நாராவுக்கு இல்ல, முதல்ல வித்ததுக்கும் கடைசி ஏலத்துக்கும் நடுவுல எத்தனையோ கை மாறியிருக்கும். 2009ல நியூயார்க்ல அவரோட எக்ஸிபிஷன் திறக்குற நேரத்துல யூனியன் ஸ்கொயர் சப்வே ஸ்டேஷன் செவுத்துல கிறுக்குனாருன்னு போலீஸ் புடிச்சு உள்ள வச்சிடுச்சு, நாப்பத்தொம்பது வயசுல. எனக்கு என்னமோ ஏல ரெக்கார்டு விட இது அவரப் பத்தி நெறைய சொல்லுது.

இவர் மேல குறை சொல்றவங்க சொல்றதுல நியாயம் இல்லாம இல்ல. ஒரே பொண்ணு, ஒரே முறைப்பு, முப்பது வருஷமா. கீ செயினு, கடிகாரம், பொம்ம, டி-ஷர்ட்டு, சிகரெட் புடிக்கிற குழந்தை படம் போட்ட ஆஷ்ட்ரே கூட உண்டு, பேரு ‘டூ யங் டு டை’. எதிர்ப்ப விக்கிற கடையாயிடுச்சுன்னு சொல்லலாம். நடுவுல கொஞ்ச வருஷம் வந்த சில படங்கள் எனக்கும் ஸ்டாம்பு குத்துன மாதிரிதான் இருந்துச்சு. ஆனா டிராயிங் பக்கம் போனா இந்தக் குறை நிக்காது. பழைய என்வலப்பு, நோட்டீஸ் பின்பக்கம், கிழிஞ்ச அட்டை, கைக்குக் கெடச்சதுல எல்லாம் பென்சிலு, கலர் பென்சிலு, பேனான்னு ஆயிரக்கணக்குல போட்டிருக்காரு. அதுல தப்பா போன கோட்ட அழிக்கறதே இல்ல. ஒண்ணுல சிரிப்பு வரும், அடுத்ததுல வயித்த பிசையும்.

இப்ப உங்க ப்ரோக்ரியேட் ஃபைலுக்கு வர்றேன். நீங்க போட்ட மண்டையோடும் ரத்தமும் பாக்குறவனுக்கு வேலையே வைக்கல, பாத்த உடனே ‘ஓ, க்யூட்டு ப்ளஸ் ஹாரர்’னு புரிஞ்சு போச்சு, புரிஞ்சிட்டா நகந்துடுவான். அந்த லேயர மொத்தமா ஆஃப் பண்ணிட்டு பாருங்க. மிச்சம் இருக்க கேரக்டர் மூஞ்சில ஏதாவது நடக்குதா? நடக்கலன்னா பிரச்சன அங்கதான், ரத்தம் அத மறைக்கத்தான் வந்திருக்கு. கேரக்டர் கையில ஒரு சாமான் கொடுக்கணும்னா ஒண்ணே ஒண்ணு கொடுங்க, அதுவும் அத வச்சு ஒண்ணும் கிழிக்க முடியாத சைஸ்ல. பேக்ரவுண்ட காலி பண்ண பயப்படாதீங்க. கண்ண எடுத்த எடுப்புல சோகமா ஆக்காதீங்க, எரிச்சலா வச்சுப் பாருங்க, க்யூட்டான மூஞ்சில எரிச்சல்தான் ரொம்ப நேரம் நிக்கும். முக்கியமா, அன்டூ பட்டன் இல்லாத எடத்துல கொஞ்ச நாள் வரைங்க, பில்லு பின்பக்கம் போதும், பென்க் சொன்ன அட்வைஸ்தான் இதுவும்.

பாக்கறதுக்கு எங்க போறதுன்னா, ஆவோமோரி ஆர்ட் மியூசியத்துல 170க்கும் மேல நாரா வேலைங்க இருக்கு, வெளிய 8.5 மீட்டர் ஒசரத்துல வெள்ளை நாய் சிலையும் இருக்கு, அது தனிப் பதிவு எழுதுற அளவு விஷயம். நாசுல அவரே 2018ல திறந்த என்ஸ் யார்டுங்கிற கேலரியும் உண்டு. அவ்ளோ தூரம் போக முடியாதவங்க சான் ஃபிரான்சிஸ்கோ மியூசியம் வெப்சைட்ல 1991 படத்தையும், பக்கத்து டேப்ல ‘மிஸ் ஸ்பிரிங்’கையும் தெறந்து வச்சு, ரெண்டுலயும் வாயோட கோட்ட மட்டும் அஞ்சு நிமிஷம் பாருங்க. அப்புறம் உங்க கேரக்டரோட ரத்தம் இல்லாத வெர்ஷன போடுங்க, வாய் எப்படி வந்திருக்குன்னு பாத்துட்டு மிச்சத்த பேசலாம்.